ஆரோக்கியராஜ் அண்ணன் விசாரித்ததாக

அரியூர் நாடு,
20.7.2025

மாப்ள அருள்மொழிக்கு,

அரியூர் நாட்டுப் பொதுமக்களுக்கும், மரவள்ளிக் காட்டுக்கும், அதைத் தோண்டித் தின்னும் பன்றிகளுக்கும் கனத்த இதயத்தோடு தெரிவித்துக்கொள்வது: பிரேம் ஆகிய எனக்கு மீசை முளைத்துவிட்டது. இடது பக்கம் மட்டும். வலது பக்கத்தோடு பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது. வதந்திகளை நம்ப வேண்டாம்.

இதுதாண்டா இந்த மாசத்துப் பெரிய சேதி. நீ மலையிறங்கிப் போனதுக்கப்புறம் இங்க வேற ஒன்னும் நடக்கல. உங்க ஊட்டு நாய் மட்டும் என்னைப் பாத்து, 'அவனை எங்கடா ஒளிச்சு வெச்சிருக்க'ங்கிற மாதிரி குலைக்குது.

நீ அங்க நாமக்கல் பக்கம் ஹாஸ்டல்ல. போனுக்குத் தடை. ஞாயித்துக்கிழமை வார்டன் போன்ல ரெண்டு நிமிஷம். உனக்கு மொத எழுத்து வெளிய வரவே ரெண்டு நிமிஷம் ஆகும். உனக்கு 'அருள்மொழி'ன்னு பேரு வெச்சவங்க மொழியை மட்டும் தவணையில குடுத்துட்டாங்க. அதான் பேனாவை எடுத்தேன்.

இப்ப விஷயத்துக்கு வாரேன். எங்க கம்ப்யூட்டர் டீச்சர் விமலா மிஸ், கீழ இருந்து மாத்தலாகி வந்தவங்க, ஒரு புது வலைத்தளம் காட்டினாங்க. மாஸ்டடான்னு பேரு. அதுக்கு ஒரே முதலாளின்னு யாரும் கிடையாது. ஆயிரக்கணக்குல சர்வருங்க. சர்வர்னா ஓட்டல்ல சாம்பார் ஊத்தறவர் இல்ல. ஒரு ஆளு தன் கம்ப்யூட்டர்ல தானே நடத்தற ஊரு. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பெரியதனக்காரர், ஒரு கட்டுப்பாடு. ஒரு ஊர்ல சேந்துக்கிட்டா மத்த ஊர்க்காரங்களோடவும் பேசலாம். ஊருக்கு ஊரு ஆகலைன்னா கதவைச் சாத்திக்குவாங்க.

கிளாஸ்ல எல்லாரும் முழிச்சாங்க. நான் எந்திரிச்சு, "மிஸ், இது எங்க மலைங்க. இது அரியூர் நாடு, அது ஆலத்தூர் நாடு. கட்டுப்பாடு வேற வேற, பொண்ணு குடுத்து எடுத்துக்கலாம். புரிஞ்சுருச்சுங்க"ன்னேன். மிஸ்ஸே அசந்துட்டாங்க.

அதுல பாட்டுக்காரங்களுக்கு ஒரு ஊரு, பறவை பாக்கறவங்களுக்கு ஒரு ஊருன்னு இருக்காம். அப்ப திக்கறவங்களுக்கும் இருக்கணும்ல? தேடித் தாரேன். காட்டுல தொலைஞ்ச ஆட்டையே மோப்பம் புடிச்சவன் நானு. மனுசனைப் புடிக்க மாட்டனா?

இப்படிக்கு,
அரை மீசை பிரேம்


ஹாஸ்டல்,
3.8.2025

பிரேமுக்கு,

மீசைக்கு வாழ்த்துகள்.

காகிதத்தில் எனக்குத் திக்காது என்பது உனக்குத் தெரியும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இங்கே வருகைப் பதிவுக்கு ஆசிரியர் பெயர் கூப்பிடுவதில்லை. வரிசையாக எழுந்து அவரவர் பெயரை அவரவர் சொல்லி 'பிரசன்ட்' சொல்ல வேண்டும். என் முறை வந்ததும் 'அ' என்ற இடத்தில் கதவு மூடிக்கொள்கிறது. வேதியியல் சார் முதல் வாரம் காத்திருந்தார். அடுத்த வாரம் கடிகாரத்தைப் பார்த்தார். இப்போது என் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஆப்சென்ட் போடுகிறார்.

அப்பாவுக்கு மெசேஜ் போகிறது, உங்கள் மகன் வகுப்புக்கு வரவில்லை என்று. ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பா கேட்டார்: "ஏன் சாமி, கிளாஸுக்குப் போறதில்லியா? உன்ன நம்பித்தானே இருக்கோம்." நான் போகிறேன் என்று சொல்லத் தொடங்கினேன். முதல் எழுத்து வருவதற்குள், லைன் கட்டாகிவிட்டதென்று நினைத்து அப்பா போனை வைத்துவிட்டார்.

உன்மேல் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்து என் பெயரைச் சொன்னது நீ. கடையில் எனக்குப் பென்சில் கேட்டது நீ. பஸ்ஸில் எனக்கு டிக்கெட் கேட்டது நீ. மலையடிவாரத்தில், காரவள்ளியில் டாக்டரிடம் எனக்கு எங்கே வலிக்கிறது என்று சொன்னதுகூட நீதான். (எனக்கு வலித்தது வயிறு. நீ சொன்னது முதுகு. முதுகுக்குத் தைலம் கொடுத்தார்.) நல்லதுக்குத்தான் செய்தாய். ஆனால் இங்கே வந்து பார்த்தால் என் வாய் உன்னிடமே தங்கிவிட்டது. நான் வெறும் ஆளாக வந்திருக்கிறேன்.

திக்குகிறவர்கள் கூடுகிற ஊர் ஒன்று உண்மையிலேயே இருந்தால் எழுது. ஒரே ஒருவர் போதும். என்னைவிடப் பெரியவராக, இதோடு வாழ்ந்து பழகியவராக. இல்லையென்றால் வெறும் ஜோக் எழுதி அனுப்பாதே. என்னைப் பார்த்துச் சிரிக்க இங்கேயே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அருள்மொழி


அரியூர் நாடு,
17.8.2025

மாப்ள,

புடிச்சுட்டேன்!

மொதல்ல ஒரு ஊருக்குப் போனேன். வாசல்லயே ஒரு கேள்வி: "ஏன் இங்கே சேர விரும்புகிறீர்கள்?" நான், "வெளிய மழைங்க, ஒதுங்க வந்தேன்"னு எழுதினேன். மறுநாள் பதில்: அனுமதி இல்லை. சிரிக்கத் தெரியாத பெரியதனக்காரர்.

ரெண்டாவது ஊர்ல சேத்துக்கிட்டாங்க. சேந்து ஒரு வாரத்துல, "என்னால் இனி இதை நடத்த முடியவில்லை, மன்னிக்கவும்"னு போர்டு மாட்டிட்டுக் கடையைக் கட்டிட்டாரு நடத்தறவரு. நான் போன ராசி.

மூணாவதுதான் நம்ம ஊரு. புது ஊருக்குப் போனா நம்ம பக்கம் என்ன செய்வோம்? கோயில் முன்னால பாறையில உக்காருவோம். யாராச்சும் ஒரு சொம்புல தண்ணியோட வந்து, "எந்த ஊருங்க?"ன்னு கேட்டாத்தானே உள்ள போவோம்? அங்கயும் அப்படியே அடக்க ஒடுக்கமா உக்காந்தேன். உக்காந்த சூடு ஆறல, ஒருத்தர் வந்து கேட்டாருடா!

பேரு ஆரோக்கியராஜ். திண்டுக்கல்லு. பஸ் கண்டக்டர். கண்டக்டரே திக்கறவர்டா! 'திருச்சி திருச்சி'ன்னு கத்தணும்ல? இவரு 'தி'யில நின்னுக்குவாராம். ஜனங்க அதுக்குள்ள போர்டைப் படிச்சுட்டு ஏறிக்குமாம். "நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள பஸ்ஸு நெறைஞ்சுரும் தம்பி, டிரைவருக்கு என்னை ரொம்பப் புடிக்கும்"னாரு.

உன்னைப் பத்திச் சொன்னேன். அவரு எழுதினதை அப்படியே தாரேன்: "தம்பி நேரத்துக்குச் சாப்பிடறானா? ராத்திரி தூங்கறானா? சாப்பாட்டு ஹால்ல அவன்கூட யாராச்சும் உக்காந்து சாப்பிடறாங்களா? கேட்டுச் சொல்லு."

ஆள் புடிக்கறதுல நான் மன்னன். ஒத்துக்க.

மன்னர் பிரேம்


ஹாஸ்டல்,
31.8.2025

மச்சான்,

உன் கடிதத்தைக் குளியலறைக்குக் கொண்டுபோய்ப் படித்தேன். திரும்பத் திரும்பப் படித்தேன். கதவைத் தட்டினார்கள்.

ஆரோக்கியராஜ் அண்ணனிடம் இதை அப்படியே போட்டுவிடு. ஒரு வார்த்தையையும் மாற்றாதே.

"அண்ணா, வணக்கம். நான் சாப்பிடுகிறேன். தனியாகத்தான் சாப்பிடுகிறேன், யாரும் எழுந்து போகச் சொல்லவில்லை, நானேதான் ஓரமாக உட்காருகிறேன். தூக்கம் குறைவு. நாளைக்குக் காலையில் பெயர் சொல்ல வேண்டுமே என்று படுக்கையில் பெயரைச் சொல்லிப் பார்க்கிறேன். இருட்டில் சரியாக வருகிறது. வெளிச்சத்தில் வருவதில்லை. உங்களுக்கும் இப்படி இருந்ததா? வேலைக்கு நேர்காணலில் என்ன செய்தீர்கள்? டிக்கெட் கேட்கும்போது யாராவது உங்களைப் போலவே பேசிக் காட்டினால் அவர்களிடம் மீதிச் சில்லறையை எப்படிக் கொடுப்பீர்கள்? நான் கோபப்படுவேன். நீங்கள் படுவீர்களா?"

இவ்வளவுதான். பதில் வந்ததும் எழுது. கோபத்தில் உன்னைத் திட்டியதை மறந்துவிடு.

அருள்


அரியூர் நாடு,
16.9.2025

மாப்ள,

போட்டுட்டேன். ஒரு புள்ளி மாறல.

அண்ணன் பதில்: "எனக்கும் அப்படித்தான் தம்பி. இருட்டுல நான் பெரிய பேச்சாளரு. நேர்காணல்ல ஒரு தாள்ல எழுதிக் காமிச்சேன். பேசிக் காட்டறவனுக்கு மீதியைச் சில்லறையா எண்ணி எண்ணிக் குடுப்பேன், அவன் ஸ்டாப்பு தாண்டிரும்."

எப்படி? சூப்பர்ல?

உன் கடிதத்தைப் பாத்து இன்னும் பல பேரு எழுதியிருக்காங்க. கோயமுத்தூர்ல ஒரு அக்கா, "இந்தத் தம்பி எழுத்தாளராத்தான் வருவாரு"ன்னாங்க. இப்ப அந்த ஊர்ல நான்தான் உனக்குத் தூதுவர். என்னைக் கேக்காம ஒரு வேலை நடக்கறதில்ல. பெரியதனக்காரரே, "பிரேம் தம்பி, நீங்க என்ன சொல்றீங்க?"ங்கறாரு.

அடுத்து அண்ணன் அட்ரஸ் கேப்ப. அவருக்கு ஏது அட்ரஸு, சக்கரம் மேல ஊடு. ஞாயித்துக்கிழமை மட்டும் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுலயே இருப்பாராம்.

அண்ணன் மறுபடி கேக்கறாரு: "சளி கிளி புடிச்சிருக்கா? போர்வை பத்துதா? தம்பி ஊரை நெனச்சு அழுவானா?"

பிரேம்


ஹாஸ்டல்,
11.10.2025

மச்சான்,

போர்வை போதும். ஊரை நினைத்து அழுவதில்லை. அண்ணனிடம் சொல். வேறு காரணத்துக்கு அழுகிறேன். அதையும் சொல்.

போன வாரம் அப்பாவை வரச் சொன்னார்கள். தலைமை ஆசிரியர் அறையில் என்னை நிற்கவைத்துக்கொண்டு, "பையன் மார்க் வாங்கறான், ஆனா வாயே திறக்கறதில்லை. திமிரா, வியாதியான்னு தெரியல" என்றார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு, "திமிரெல்லாம் இல்லீங்க. அவனுக்குப் பேச்சு கொஞ்சம் குறைச்சலுங்க" என்றார். குறைச்சல். நான் அப்பாவைத் திருத்த வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். அப்பா போகும்போது என் தலையைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

அன்றிலிருந்து எனக்கு இங்கே எதிலும் மனம் ஒட்டவில்லை. காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. இப்போதைக்கு அந்தக் காரணம் அண்ணனுடைய கடிதங்கள்தான். தவறாக நினைக்காதே மச்சான், நீ எழுதுவது சிரிப்பாக இருக்கும். ஆனால் ஒருமுறைகூட நீ என்னை 'சாப்பிட்டாயா' என்று கேட்டதில்லை. முகம் தெரியாத அவர் கேட்கிறார்.

அதனால் முடிவு செய்துவிட்டேன். தீபாவளிக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்று காலையில் எங்களை ஊருக்கு விடுகிறார்கள். நான் நேரே திண்டுக்கல் போகிறேன். அவரைப் பார்க்க வேண்டும். அவர் முன்னால் என் பெயரைச் சொல்ல வேண்டும். எவ்வளவு நேரமானாலும் அவர் காத்திருப்பார் இல்லையா? நான் வருவதாக அவரிடம் சொல்லிவிடு.

அருள்மொழி


அரியூர் நாடு,
14.10.2025

அருளு,

அவசரம். திண்டுக்கல் போகாத. அண்ணனை வேற டெப்போவுக்கு மாத்திட்டாங்களாம். எந்த ஊருன்னு அவருக்கே இன்னும் தெரியலையாம். நேரா மலைக்கு வந்துரு. பட்டாசு வாங்கி வெச்சிருக்கேன். மத்ததை நேர்ல பேசிக்கலாம்.

போகாதடா.

பிரேம்


ஹாஸ்டல்,
26.10.2025

பிரேம்,

உன் கடிதம் வெள்ளிக்கிழமையே கிடைத்துவிட்டது. அப்படியும் போனேன். எந்த டெப்போவுக்கு மாற்றினார்கள் என்று அங்கே கேட்டால் தெரியும் அல்லவா? தெரிந்தால் அந்த ஊருக்குப் போகலாம் என்று நினைத்தேன்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் தீபாவளிக் கூட்டம். கண்டக்டர்களைத் தேடித் தேடிக் கேட்டேன். 'ஆரோக்கியராஜ்' என்று கேட்க வேண்டும். 'ஆ'. உனக்குத் தெரியும், எனக்கு அதைவிடக் கடினமான எழுத்து கிடையாது. முதல் ஆள் நான் வாய் திறந்து நிற்பதைப் பார்த்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். இன்னொருவர் விசில் ஊதி பஸ்ஸை எடுத்துவிட்டார். ஒருவர், "ஊமையா தம்பி?" என்றார். நான் இல்லை என்று தலையாட்டினேன். ஒரு பஸ் போனால் அடுத்த பஸ். தாளில் எழுதிக் காட்டியிருக்கலாம். அண்ணன் நேர்காணலில் அப்படித்தான் செய்தார் என்று நீ எழுதியிருந்தாய். ஆனால் அவரைப் பார்க்கப் போகிறவன் அவர் பெயரை வாயால் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

மதியத்துக்குமேல் ஒரு வயதான கண்டக்டரிடம் முழுப் பெயரையும் சொன்னேன். அவர் காத்திருந்தார். என் கையைப் பிடித்து நேரக் காப்பாளர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே இருந்தவர், "ஆரோக்கியராஜ்னு ரெண்டு பேர் இருக்காங்க. ஒருத்தர் மெக்கானிக். இன்னொருத்தர் ரிட்டயர் ஆயிட்டார்" என்றார். நான், "திக்கித் திக்கிப் பேசுவார்" என்று சொன்னேன். அதையும் திக்கித்தான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். "திக்கறவனை எப்படிப்பா கண்டக்டராப் போடுவாங்க?" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. எனக்குப் புரியட்டும் என்று பொறுமையாகச் சொன்னார்.

பிறகு இருட்டும்வரை அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

ராத்திரியோடு நாமக்கல் திரும்பி, தீபாவளி அன்று காலை முதல் பஸ்ஸில் மலையேறி, எங்கள் வீட்டுக்குக்கூடப் போகாமல் உங்கள் வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா, "அவன் மாமன் ஊட்டுக்குப் போயிட்டான் கண்ணு, ஆலத்தூர் நாட்டுக்கு" என்றார்கள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்கள். உன் செருப்பு வாசலில் கிடந்தது.

ஆரோக்கியராஜ் அண்ணன் இருக்கிறாரா, இல்லையா? ஒரு வரி போதும். ஜோக் வேண்டாம்.

அருள்மொழி


அரியூர் நாடு,
9.11.2025

அருளு,

ஆரோக்கியராஜ் இல்ல.

நீ கேட்ட ஒரு வரி அதுதான். இதோட நிறுத்தணும்னு தோணினா, இங்கயே கிழிச்சுப் போட்டுரு. நான் மிச்சத்தையும் எழுதிடறேன்.

மொத ரெண்டு ஊரு கதை நெசம். மூணாவது ஊர்ல சேந்ததும் நெசம். அங்க கதவு தொறந்தே கெடந்துச்சு, யாரும் ஒன்னும் கேக்கல. உள்ள போனா மொத்தமே ரெண்டு பேரு: நானும், அதை நடத்தறவரும். அவரு எழுதறதை எப்பவோ நிறுத்திட்டாரு. என்னை யாரும் தூதுவர் ஆக்கல. கோயமுத்தூர் அக்காவும் கிடையாது.

பாறையில உக்காந்த மாதிரி உக்காந்தேன்னு எழுதினேன்ல? அது பொய்யில்ல. நெசமாவே உக்காந்திருந்தேன். கூப்புடாம ஒருத்தர் வாசலை மிதிக்கக் கூடாதுன்னுதானே நம்மளை வளத்திருக்காங்க? யாராச்சும் வந்து எந்த ஊருன்னு கேப்பாங்கன்னு, கிழங்குக் காட்டு மேட்டுல சிக்னல் கிடைக்கற எடத்துல தெனமும் போனைப் புடிச்சுக்கிட்டு இருந்தேன். ஆடி போச்சு, ஆவணி போச்சு. ஒரு ஈ காக்கா வரல.

அங்க முறையே வேறயாம். நாமளாத்தான் ஊர் ஊரா போகணுமாம். புடிச்சவங்களைப் பின்தொடரணுமாம், அவங்க எழுதினதுக்குக் கீழ நாமளா வலியப் போயி நாலு வார்த்தை எழுதணுமாம். நம்மளை யாரும் பின்தொடரலைன்னா, நாம எழுதறது அந்த ஊரு எல்லையைத் தாண்டவே தாண்டாதாம். விமலா மிஸ் போன வாரம்தான் சொன்னாங்க. ஏன்னா நான் கேட்டதே போன வாரம்தான். புரிஞ்சுருச்சுன்னு கிளாஸ்ல எந்திரிச்சு நின்னு சொன்னவன், அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போயிக் கேக்கறது?

நீ எழுதினதையெல்லாம் போட்டேன். சத்தியமா ஒரு வார்த்தை மாத்தல. ராத்திரி வரைக்கும் காத்திருப்பேன், பதில் வராது. உனக்கு என்னன்னு எழுதறது? நீதான் ஒரே ஒருத்தர் போதும்னியே. ஒருத்தரைப் பண்ணினேன்.

மிஸ் சொன்னபடி போன வாரம் நானே தேடிப் போனேன். திக்கறவங்க கூடற எடம் நெசமாவே இருக்கு அருளு. வேற தேசம், வேற பாஷை. மொழிபெயர்த்துப் படிச்சுப் பாத்தேன். நீ எழுதின மாதிரியேதான் அவங்களும் எழுதறாங்க, இருட்டுல சரியா வருதுன்னு ஒருத்தன் எழுதியிருக்கான். அங்க ஒரு வரி எழுதலாம்னு பாத்தேன். எழுதி எழுதி அழிச்சேன். நான் திக்கறவன் இல்லியே, என்ன உரிமையில எழுதறதுன்னு வந்துட்டேன். அப்புறம் தமிழ்ல யாராச்சும் இருக்காங்களான்னு தேடினேன். ஒன்னே ஒன்னுதான் வந்துச்சு. ஆசையா அமுக்கினேன். நான் போட்ட உன் கடிதம்.

செருப்பு என்னுதுதான். நான் அடுப்படியில சுவத்தோட ஒட்டிக்கிட்டு இருந்தேன். வாசல்ல நின்னு நீ "பிரேம்"னு கூப்புட்டது கேட்டுச்சு. ஒரே தடவையில வந்துச்சு உனக்கு. எனக்குத்தான் வாய் வரல. நீ போனதும் அம்மா வெளக்குமாத்தால நாலு சாத்து சாத்துச்சு. "அந்தப் புள்ளைகிட்ட என்னைப் பொய் சொல்ல வெச்சுட்டியேடா"ன்னு.

திண்டுக்கல்ல நீ உக்காந்திருந்தது கண்ணை மூடினா வருது. மன்னிக்கச் சொல்லல. எப்படிக் கேக்கறது அதை?

இன்னும் ஒன்னு இருக்கு. இதை எழுதத்தான் ரொம்ப கூச்சமா இருக்கு. உனக்காகத் தேடப் போறேன்னு பீத்திக்கிட்டேன்ல? உனக்காகப் போகல. நீ போனதுக்கப்புறம் எனக்குப் பேச ஆளில்ல. ஊரே சிரிக்கப் பேசறவன்னு பேரு, ஆனா உனக்குப் பதிலா பேசிப் பேசியே வளந்துட்டேன் போல. எனக்குன்னு கேட்டா ஒரு பேச்சும் வர மாட்டேங்குது. இங்க நான் என்னதான் ஜோக் சொன்னாலும், யாரும் நீ சிரிக்கற மாதிரி சத்தமில்லாம தோள் குலுங்கச் சிரிக்கறதில்ல.

தம்பி சாப்பிடறானா, தூங்கறானா, போர்வை பத்துதா, கூட யாராச்சும் உக்காந்து சாப்பிடறாங்களா, ஊரை நெனச்சு அழுவானான்னு ஆரோக்கியராஜ் அண்ணன் கேட்டதா எழுதினேன்ல? அதெல்லாம் நான் கேட்டதுடா. என் பேர்ல கேக்க வெக்கமா இருந்துச்சு.

பிரேம்